ஹூண்டாயின் கிராஸ்ஓவர் வரிசையில் உங்களுக்கான காரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

எந்த நிறுவனத்தின் கார் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஷோரூம் வாசலில்தான் குழப்பமே தொடங்குகிறது. ஹூண்டாயின் மிகச் சிறிய கிராஸ்ஓவரான எக்ஸ்டரின் உயர்ந்த வேரியன்ட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் அடுத்த காரான வென்யு வருகிறது. வென்யுவின் உயர்ந்த வேரியன்ட் விலையில் கிரெட்டாவுக்குள் நுழைந்துவிடலாம். கிரெட்டாவில் மேலே போனால் ஆல்கஸார் கை நீட்டுகிறது. "இன்னும் ஐம்பதாயிரம் போட்டீங்கன்னா அடுத்த வேரியன்ட்டே வந்துடும் சார்" என்ற ஒரு வாக்கியத்தைப் பத்து முறை கேட்டுத் தலையாட்டினால், எட்டு லட்சம் என்று கணக்குப் போட்டுப் போனவர் பதின்மூன்று லட்சத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு வருவார். அவருக்கு அந்தப் பெரிய கார் தேவைப்பட்டதா என்ற கேள்வியை வழியில் எங்கும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த ஏணியில் ஏறாமல் இருக்க ஒரே வழி, விலைப்பட்டியலைக் கடைசியாகத் திறப்பது. முதலில் காரின் உடல் அளவு, அடுத்து எஞ்சினும் கியரும், அதன் பிறகு வேரியன்ட் என்ற வரிசையில் முடிவெடுங்கள். ஒரே நிறுவனத்தின் வரிசைக்குள் தேடும்போது இந்த முறை நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் உண்டு: ஒரே எஞ்சின் பல உடல்களில் வருகிறது. எக்ஸ்டரில் இருக்கும் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்தான் வென்யுவிலும் கிடைக்கிறது, வென்யுவின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின்தான் கிரெட்டாவையும் ஆல்கஸாரையும் இழுக்கிறது. ஆகவே நல்ல எஞ்சினுக்காகப் பெரிய கார் வாங்க வேண்டியதில்லை. பெரிய உடல் தேவையென்றால் மட்டும் பெரிய கார் வாங்கினால் போதும்.

ஹூண்டாயை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம், 1998 முதல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கும் இந்நிறுவனத்தின் கிராஸ்ஓவர் வரிசை சிறிது முதல் பெரிது வரை படிப்படியாக நிறைந்திருப்பதுதான். கிரெட்டா 2015இல் வந்தது. வென்யு 2019இல் வந்து 2025 நவம்பரில் புதிய தலைமுறைக்கு மாறியது. எக்ஸ்டர் 2023இல் சேர்ந்தது. மூன்று வரிசை இருக்கைகளுடைய ஆல்கஸார் 2024இல் புதுப்பிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் கிரெட்டா மின்சாரக் காராகவும் வெளிவந்தது.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இவை எல்லாமே கிராஸ்ஓவர்கள். அதாவது தனிச் சட்டத்தின்மேல் உடலைப் பொருத்தும் ஜீப் வகை வண்டிகள் அல்ல. சாதாரணக் காரைப்போல உடலும் சட்டமும் ஒரே அமைப்பாக உருவாக்கப்பட்டு, சற்றே உயர்த்தப்பட்டவை. நான்குமே முன்சக்கரங்களால் மட்டும் இழுக்கப்படுபவை. தேங்கிய மழைநீரையும் உயரமான வேகத்தடையையும் மண் சாலையையும் இவை நிம்மதியாகக் கடக்கும்; கடற்கரை மணலிலோ சேற்று வயலிலோ இறக்கினால் மாட்டிக்கொள்ளும். அத்தகைய பயன்பாடு உங்களுக்கு வழக்கமாக இருக்குமானால் இந்த வரிசையில் உங்களுக்கான கார் இல்லை.

நான்கு மீட்டர் கோடு

எக்ஸ்டரின் நீளம் 3815 மி.மீ., வென்யுவின் நீளம் 3995 மி.மீ., கிரெட்டாவினது 4330, ஆல்கஸாருடையது 4560. வென்யு நான்கு மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட்டது தற்செயலானதல்ல. நான்கு மீட்டருக்குள் இருந்து, பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்கும் டீசல் எஞ்சின் 1500 சிசிக்கும் மிகாமல் இருந்தால் அதைச் சிறிய கார் என்று அரசு கருதுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அந்தக் கோட்டைத் தாண்டியதற்கு 40 சதவீதம். வென்யுவின் 1.0 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்திக் கூடுதல் திறன் எடுக்கும் பெட்ரோல் எஞ்சின்), 1.2 லிட்டர் பெட்ரோல், 1.5 லிட்டர் டீசல் ஆகிய மூன்றுமே இந்த வரம்புக்குள் அடங்கிவிடுகின்றன.

இதன் பொருள் என்னவென்றால், வென்யுவிலிருந்து கிரெட்டாவுக்குத் தாவும்போது நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் தொகையில் கணிசமான பங்கு இருக்கைக்கோ இரும்புக்கோ போவதில்லை, வரிக்குப் போகிறது. அதற்காகக் கிரெட்டாவை வாங்கக்கூடாது என்று சொல்ல வரவில்லை. அந்த 335 மி.மீ. கூடுதல் நீளம் உங்கள் குடும்பத்துக்கு அன்றாடம் பயன்படுமா என்பதை, மற்ற எந்தப் படியைக் காட்டிலும் இந்தப் படியில்தான் கடுமையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறேன். எக்ஸ்டருக்கும் வென்யுவுக்கும் நடுவில் ஊசலாடுவது சிறிய தவறில் முடியலாம். வென்யுவுக்கும் கிரெட்டாவுக்கும் நடுவில் தவறினால் சில லட்சங்கள் போய்விடும்.

அளவுநாடாவோடு தொடங்குங்கள்

வீட்டில் கார் நிற்கப்போகும் இடத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். எக்ஸ்டரின் அகலம் 1710 மி.மீ., வென்யு 1800, கிரெட்டா 1790, ஆல்கஸார் 1800. பக்கக் கண்ணாடிகள் இதில் சேரவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் தூண்களுக்கு நடுவே இரண்டரை மீட்டர் இடம் இருந்தால், வென்யுவை நடுவில் நிறுத்தும்போது இருபுறமும் 35 செ.மீ. மிஞ்சும். அந்த இடைவெளியில் கதவைத் திறந்து ஒல்லியானவரே ஒருக்களித்துத்தான் இறங்க முடியும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குவது சிரமம். எக்ஸ்டருக்கு அதே இடத்தில் ஒவ்வொரு புறமும் நான்கரை செ.மீ. கூடுதலாகக் கிடைக்கும். எழுத்தில் அற்பமாகத் தெரியும் இந்த நான்கரை செ.மீ.தான் கதவு தூணில் இடிக்குமா இடிக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது. தெரு முனையில் திரும்பும் வளைவையும், தரைத்தளத்திலிருந்து சாலைக்கு ஏறும் சரிவையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, யார் எங்கே உட்காரப் போகிறார்கள் என்பது. மூட்டுவலியுள்ள பெரியவர் வீட்டில் இருந்தால் அவரை ஷோரூமுக்கு அழைத்துச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. என் அம்மாவை அப்படி அழைத்துச் சென்றபோது நான் கற்றுக்கொண்டது எந்த விவரக்குறிப்பிலும் இல்லை. உயரமான கார் என்றால் ஏறக் கஷ்டம் என்று நான் எண்ணியிருந்தேன். அவரோ தாழ்ந்த செடானில் உட்காரும்போதுதான் கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, பொத்தென்று விழுந்தார். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. கிராஸ்ஓவரில் இருக்கை அவருடைய இடுப்பு மட்டத்துக்குக் கிட்டே இருந்ததால், முதலில் பக்கவாட்டில் அமர்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டார். ஆனால் கால் உள்ளே வரும் வழியில் கதவின் கீழ்விளிம்பு எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்பது காருக்குக் கார் மாறியது. ஒரு காரில் அவருடைய புடவைக் கொசுவம் அந்த விளிம்பில் உராய்ந்துகொண்டே இருந்தது. நாம் எவ்வளவு படித்தாலும் இதெல்லாம் பிடிபடாது. பெரியவரே ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும், அதுவும் இரண்டு முறையாவது.

பின்னிருக்கையில் அடிக்கடி மூன்று பெரியவர்கள் உட்கார்வார்களா என்பதுதான் வென்யுவா கிரெட்டாவா என்ற கேள்விக்கு உண்மையான விடை. இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் என்றால் வென்யு தாராளமாகப் போதும். மூன்று பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு திருச்சி வரை போவது மாதம் ஒருமுறை நடக்குமானால், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2610 மி.மீ. இடைவெளியுள்ள கிரெட்டாவுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. கணவன், மனைவி, பள்ளி செல்லும் ஒரு குழந்தை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு உடன்வரும் மாமனார் என்ற அளவிலான குடும்பத்துக்கு எக்ஸ்டரே சரியான கார். அதன் டிக்கி 391 லிட்டர், கிரெட்டாவின் 433 லிட்டரோடு ஒப்பிட்டால் வெகுதூரம் பின்தங்கியதல்ல.

ஆல்கஸாரைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எதிர்பார்ப்பு இருக்கிறது. ஏழு பேர் போகலாம் என்பது உண்மை. ஆனால் மூன்றாம் வரிசையை நிமிர்த்தி வைத்தால் மிஞ்சும் டிக்கி இடம் 180 லிட்டர்தான். இரண்டு கைப்பைகளும் ஒரு தண்ணீர்க் கேனும் வைத்தால் நிறைந்துவிடும். ஏழு பேரும் அவர்களுடைய பெட்டிகளும் ஒரே பயணத்தில் சேர்ந்து வர முடியாது. பின்வரிசையில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்தால் மகிழ்ச்சியாக வருவார்கள். உயரமான பெரியவருக்கு முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். தாத்தா பாட்டியோடு ஆறு பேர் கொண்ட கூட்டுக்குடும்பம் உள்ளூரிலேயே சுற்றுவதற்கு இது அருமையான கார். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் ஏழு பேர் போவீர்கள் என்றால், அந்த இரண்டு நாள்களுக்கும் வாடகை வண்டி எடுத்துக்கொண்டு கிரெட்டாவோடு நிற்பதே மேல்.

எஞ்சினும் கியரும்

உடல் அளவு முடிவான பிறகு, உங்கள் ஒரு மாத ஓட்டத்தை ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை கிலோமீட்டர், அதில் எவ்வளவு நகரத்துக்குள், எவ்வளவு நெடுஞ்சாலையில், மலைப்பாதை உண்டா என்பவைதான் விவரங்கள். இந்தத் தாள் இல்லாமல் எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம்.

1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 83 குதிரைத்திறன் கொண்டது. அதன் இழுவிசை 114 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றை எட்டும்போதுதான் முழுமையாகக் கிடைக்கும். நகரத்தில் இருவர் மூவரோடு போவதற்கு இது அமைதியான, சிக்கல் இல்லாத, பராமரிப்புச் செலவு குறைந்த எஞ்சின். ஐந்து பேரும் சாமான்களுமாகக் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றினால், வளைவுதோறும் இரண்டாம் கியருக்கும் சில இடங்களில் முதல் கியருக்கும் இறக்கி, எஞ்சினை இரைய விட்டுத்தான் ஏற வேண்டும். வண்டி ஏறிவிடும், ஓட்டுபவர்தான் களைத்துப் போவார். ஆண்டுக்கு ஒருமுறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். சொந்த ஊரே மலையில் இருந்தால் வேறு எஞ்சினைப் பாருங்கள்.

வென்யுவின் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் 120 குதிரைத்திறனும் 172 நியூட்டன் மீட்டரும் தருகிறது. கிரெட்டாவிலும் ஆல்கஸாரிலும் உள்ள 1.5 லிட்டர் டர்போ 160 குதிரைத்திறனும் 253 நியூட்டன் மீட்டரும் தருகிறது. இரண்டிலுமே 1500 சுற்றிலேயே முழு இழுவிசை கிடைத்துவிடுவதால் முந்திச் செல்வது எளிது. ஆனால் டர்போ எஞ்சின் மிதிக்கும் காலைப் பார்த்துப் பெட்ரோல் குடிக்கும். அறிவிக்கப்பட்ட மைலேஜை நெரிசலில் எதிர்பார்க்காதீர்கள். கிரெட்டாவில் டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் இருக்கிறது. 115 குதிரைத்திறன், 144 நியூட்டன் மீட்டர். விளம்பரங்களில் அதற்குப் பெரிய இடம் கிடைப்பதில்லை என்றாலும், பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

டீசலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். ஒரே வேரியன்ட்டில் பெட்ரோலைவிட டீசல் ஒன்றரை லட்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், நடைமுறை மைலேஜ் 13; டீசல் லிட்டர் 92 ரூபாய், மைலேஜ் 17 என்றால், கிலோமீட்டருக்குச் சுமார் இரண்டே கால் ரூபாய் மிச்சமாகும். கூடுதலாகக் கொடுத்த ஒன்றரை லட்சத்தை எடுக்க 66,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது ஏறத்தாழ ஏழு ஆண்டு; 1500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். பணக்கணக்கைத் தாண்டி இன்னொன்றும் உண்டு. இப்போதைய புகைக் கட்டுப்பாட்டு விதியான பிஎஸ்6-இன்படி வரும் டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் அரை மணி நேரம் ஓடினால் அந்தக் கரி தானே எரிந்து வெளியேறும். தினமும் பள்ளிக்கூடத்துக்கும் காய்கறிக் கடைக்குமாக மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் எஞ்சின் போதிய சூடு ஏறுவதற்குள் அணைக்கப்படுவதால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரியும். சர்வீஸ் மையத்துக்கு அலைய வேண்டியிருக்கும். நகரத்துக்குள் மட்டுமே ஓட்டுபவர் டீசல் வாங்குவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். வாரந்தோறும் ஊருக்குப் போய்வருபவருக்கோ 1500 சுற்றிலேயே 250 நியூட்டன் மீட்டர் தரும் இந்த எஞ்சினைப்போல் களைப்பில்லாத துணை வேறில்லை.

எக்ஸ்டரில் சிஎன்ஜியும், அதாவது அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவில் ஓடும் வகையும் உண்டு. 2024 முதல் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதிலாக இரண்டு சிறிய சிலிண்டர்களை டிக்கித் தரைக்கு அடியில் வைக்கிறார்கள். ஆகவே பெட்டி வைக்க இடம் இருக்கிறது. திறன் 69 குதிரைத்திறனாகக் குறையும். உங்கள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையிலேயே நிரப்பும் நிலையம் இருக்கிறதா, காலை எட்டு மணிக்கு அங்கே வரிசை எவ்வளவு நீளம் என்பதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆட்டோமேட்டிக் என்று பொதுவாகச் சொல்வது மூன்று நான்கு வகை இயந்திரங்களை. எக்ஸ்டரில் இருப்பது ஏஎம்டி: சாதாரண கியர்பெட்டியையே ஒரு மோட்டார் மாற்றுகிறது, விலை குறைவு, மைலேஜ் குறையாது, ஆனால் கியர் மாறும்போது தலை லேசாக முன்னே சாய்ந்து வரும். மெதுவாக மிதித்தால் அந்தக் குலுக்கல் பெருமளவு அடங்கும். டர்போ பெட்ரோலில் வருவது டிசிடி, இரட்டைக் கிளட்ச். நெடுஞ்சாலையில் இதன் வேகம் மனத்தைக் கவரும். ஆனால் இது எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகை என்பதால், பிரேக்கை விட்டு விட்டு அங்குலம் அங்குலமாக நகரும் நெரிசலில் சூடேறும். மேம்பால ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரைத் தொட்டபடி வண்டியைப் பிடித்து நிறுத்தாமல், பிரேக்கிலேயே நிற்கப் பழக வேண்டும். கிரெட்டாவின் சாதாரண 1.5 பெட்ரோலில் வரும் ஐவிடி, தனித்தனி கியர் படிகள் இல்லாமல் தொடர்ச்சியாக மாறும் சிவிடி வகை. வேகமாக மிதித்தால் எஞ்சின் இரைச்சல் முன்னே போகும், வண்டி பின்னால் வரும். நிதானமாக ஓட்டுபவருக்குக் கிண்டி, கத்திப்பாரா போன்ற நெரிசலில் இதைவிடச் சுகமான கியர் இந்த வரிசையில் இல்லை. டீசலோடு வருவது, எண்ணெயின் வழியே எஞ்சின் திறனைக் கடத்தும் பழைய நம்பிக்கையான டார்க் கன்வர்ட்டர் வகை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

மின்சாரக் கிரெட்டா 42, 51.4 கிலோவாட் மணி என்ற இரு பேட்டரிகளோடு வந்தது. அறிமுகத்தின்போது அறிவிக்கப்பட்ட தூரம் முறையே 390, 473 கிலோமீட்டர். ஏசி போட்டு நெடுஞ்சாலையில் ஓட்டும்போது அந்த எண்ணில் கால் பங்கைக் கழித்துவிட்டே பயணத்தைத் திட்டமிடுங்கள். மின்சாரக் கார்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான் என்பது பெரிய சாதகம். ஆனால் உங்கள் பார்க்கிங் இடத்துக்கு உங்கள் சொந்த மீட்டரிலிருந்து கம்பி இழுக்க முடியுமா என்பதே முதல் கேள்வி. வீட்டின் சாதாரணப் பெரிய பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி) ஏறுவதாகக் கொண்டால், சிறிய பேட்டரி வெறுமையிலிருந்து நிறையப் பதினான்கு மணி நேரம் ஆகும். குடியிருப்புச் சங்கத்தின் அனுமதி கைக்கு வருமுன் முன்பணம் கட்டாதீர்கள்.

கடைசியாக வேரியன்ட்

இந்த வரிசையில் ஆறு ஏர்பேக் அடிப்படை வேரியன்ட்டிலிருந்தே வருகிறது. அதற்கு மேல் பாதுகாப்புக்காகக் கொடுக்கும் பணத்தைச் செலவாகக் கருதாதீர்கள். 2022இல் குளோபல் என்சிஏபி என்ற அமைப்பின் மோதல் சோதனையில் அப்போதைய கிரெட்டா மூன்று நட்சத்திரம்தான் பெற்றது. ஆகவே எந்த மாடலாக இருந்தாலும் வாங்கும் நாளில் அதற்கு இந்தியாவின் மோதல் சோதனையான பாரத் என்சிஏபி மதிப்பீடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி வழுக்காமல் காக்கும் இஎஸ்சி, குழந்தை இருக்கையைப் பிணைக்கும் ஐசோஃபிக்ஸ், பின்னிருக்கை நடுவிலும் மூன்றுமுனை பெல்ட், பின்கண்ணாடி வைப்பர் ஆகியவற்றை வேரியன்ட்டோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னிருக்கைக்கான ஏசி துவாரம் நம் வெயிலில் அவசியம். சன்ரூஃபைப் பற்றிச் சொன்னால் வீட்டுப் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் சித்திரை வெயிலில் அதைத் திறப்பவர் யாருமில்லை, உயரமானவருக்குத் தலைக்கு மேலுள்ள இடமும் அதனால் குறைகிறது. அதே பணத்தில் காற்றோட்டமுள்ள இருக்கை கிடைக்குமானால் அதுவே நம் ஊருக்கு ஏற்றது. பெரிய அலாய் சக்கரமும் அப்படித்தான்: டயரின் பக்கச்சுவர் மெலிய மெலியப் பள்ளத்தின் அதிர்ச்சி முதுகுக்கு வரும், டயர் மாற்றும் செலவும் கூடும்.

தமிழ்நாட்டில் பதிவு செய்பவர்கள் பத்து லட்ச ரூபாய் என்ற எல்லையைக் கவனிக்க வேண்டும். 2023 நவம்பரில் மாற்றப்பட்ட ஆயுட்கால வரிப்படி, ஐந்து முதல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம். பத்தைத் தாண்டினால் 18. இருபதைத் தாண்டினால் 20. ஒன்பது லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு வரி 1,28,700 ரூபாய். பத்து லட்சத்து இருபதாயிரத்துக்கு 1,83,600. முப்பதாயிரம்தான் கூடுதல் என்று சொல்லப்பட்ட வேரியன்ட்டுக்கு உண்மையில் எண்பத்தைந்தாயிரம் போகிறது. அதனால் எக்ஸ்-ஷோரூம் விலையை வைத்துப் பேசாமல், ஒவ்வொரு வேரியன்ட்டுக்கும் ஆயுட்கால வரியும் இன்சூரன்ஸும் சேர்ந்த ஆன்ரோடு விலையைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸையும் துணைப்பொருள்களையும் அங்கேயே எடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அந்தத் தொகைகளைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு அவர்கள் வழக்கமாக அழைத்துச் செல்லும் அகலமான சாலை போதாது. நீங்கள் வாங்கப்போகும் அதே எஞ்சின், அதே கியர் உள்ள வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, உங்கள் பார்க்கிங்கில் ஏற்றி இறக்கி, வீட்டார் அனைவரையும் ஏற்றிக்கொண்டு, ஏசியை முழுவதும் வைத்து, அருகிலுள்ள மோசமான சாலையிலும் ஒரு மேம்பாலத்திலும் ஓட்டிப் பாருங்கள். அந்த அரை மணி நேரத்தில் பின்னிருக்கையில் நீங்களும் பத்து நிமிடம் உட்காருங்கள்.

பதிவு செய்வதற்கு முன்பே, உங்களுக்கு ஒதுக்கிய காரை ஸ்டாக்யார்டில் (டீலர் கார்களை நிறுத்தி வைக்கும் இடத்தில்) பார்க்கக் கேளுங்கள். காரின் தயாரிப்பு மாதத்தைச் சேஸிஸ் எண்ணோடு ஒப்பிட்டு எழுதி வாங்குங்கள். டிசம்பரில் தயாரான கார் ஜனவரியில் பதிவானாலும் விற்கும்போது பழைய ஆண்டு வண்டியாகத்தான் மதிக்கப்படும். ஐந்து டயர்களின் பக்கச்சுவரிலும் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 4225 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 42ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். நான்கு டயர்கள் ஒரு காலத்தையும் ஐந்தாவது வேறொரு காலத்தையும் காட்டினால், ஆயுட்கால வரி கட்டுவதற்கு முன் அதற்கான விளக்கத்தைக் கேட்டுவிடுங்கள்.